சிந்தாமணி அக்காவின் முப்பது நாள்

அரியலூர் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒரு போட்டோ ஸ்டுடியோ. மூன்று வருஷத்துக்கு முன்னால் சிந்தாமணி அக்கா சிங்கப்பூர் விசாவுக்குப் படம் எடுக்கப் போனபோது துணைக்கு ஒரே ஊர்க்காரியான நானும் போனேன். எங்களுக்கு முன்னால் மீன்சுருட்டிப் பக்கத்திலிருந்து வந்த ஒரு வயதான அம்மா நின்றார். புருஷனை இழந்தவர், வெள்ளைச் சேலை. மகனைப் பார்க்க அவரும் அந்த ஊருக்குத்தான் போகவேண்டுமாம். ஸ்டுடியோக்காரர் கையை விரித்துவிட்டார்.

"பின்னால வெள்ளைத் துணிதான் தொங்கவிடணும் ஆத்தா, அது சட்டம். நீயும் வெள்ளையில உக்காந்தா தல மட்டும் தனியா அந்தரத்துல நிக்கும். கலர் சேலை கட்டிக்கிட்டு நாளைக்கு வா."

"எங்கிட்ட கலர் சேலையே கெடையாதே சாமி. இருந்ததெல்லாம் அவரு போனப்பவே குடுத்துட்டேன்."

சிந்தாமணி அக்கா முன்னால் வந்தார். அந்த அம்மாவின் கையைப் பிடித்துத் திரைக்குப் பின்னால் அழைத்துப் போனார். கொஞ்ச நேரத்தில் அந்த அம்மா அக்காவின் மயில்கழுத்துச் சேலையில் வந்து, கூச்சத்தோடு நாற்காலியில் உட்கார்ந்தார். நான் திரையை விலக்கிப் பார்த்தேன். அக்கா அந்த வெள்ளைச் சேலையைச் சுற்றிக்கொண்டு ஸ்டூலில் இருந்தார். புருஷன் கல்லுப்போல இருக்கும்போது சுமங்கலி வெள்ளை கட்டுவதா? "மாரியாத்தா!" என்று வாய்விட்டுச் சொல்லிவிட்டேன்.

"கத்தாத. பத்து நிமிஷம். நீயும் பாக்கல, உங்க மாமாவும் பாக்கல" என்றார்.

இன்றுவரை நான் யாரிடமும் சொன்னதில்லை. நல்லது செய்ததை மறைக்கக்கூடாது என்று தோன்றியதால் இங்கே எழுதுகிறேன்.

அக்காவுக்கு ஐம்பத்திரண்டு வயது. பெரம்பலூரிலிருந்து அரியலூர் போகிற ரோட்டில், லாரி போனால் வாசல் கோலம் அழிகிற தூரத்தில் வீடு. இரண்டு ஏக்கரில் சின்ன வெங்காயமும் மக்காச்சோளமும். கணவர் குழந்தைவேல் மாமா அதிகம் பேசமாட்டார். பேசினால் அக்கா பேசவிடமாட்டார். ஒரே மகள் வளர்மதி. மாப்பிள்ளை ஜெயப்பிரகாஷ் சிங்கப்பூரில் கட்டட வேலையில் சூப்பர்வைசர். கல்யாணமாகி மகளும் அங்கேயே போய்விட்டது.

வளர்மதி முதல் பிள்ளை உண்டானபோது ஏழாம் மாதம் வளையல் அடுக்கி அழைத்துவருவதாகத்தான் இருந்தோம். அந்த மாதம் பார்த்துப் பிரஷர் ஏறிவிட்டது. விமானத்தில் ஏறக்கூடாது என்று அங்கே டாக்டர் சொல்லிவிட்டார். மகள் வரமுடியாவிட்டால் தாய் போவதுதானே? விசா வந்ததும் ஒரு நாள்கூடத் தாங்காமல் அக்கா கிளம்பிவிட்டார். அதுதான் தப்பாகப் போயிற்று. விசாக் காகிதத்தில் எத்தனை தேதி போட்டிருந்தாலும், அங்கே போய் இறங்கும்போது அதிகாரி எத்தனை நாள் கொடுக்கிறாரோ அத்தனை நாள்தான். அவர் கொடுத்தது முப்பது. அந்த முப்பது முடிகிறபோது வளர்மதிக்கு ஒன்பதாம் மாதம் நடக்கிறது, வலி வரவில்லை. மேற்கொண்டு நாள் கேட்டுப் பார்க்கலாம் என்பதே இங்கே எங்கள் யாருக்கும் தெரியாது. சட்டத்துக்குப் பயந்து, இருபத்தொன்பதாம் நாளே அழுதுகொண்டு விமானம் ஏறி வந்துவிட்டார்.

அவர் வந்த பதினோராம் நாள் வளர்மதிக்கு வலி எடுத்தது. மாப்பிள்ளை வேலையில் இருந்தார். அந்தப் பெண் தனியாக டாக்சி பிடித்து ஆஸ்பத்திரி போனது. பிள்ளை தங்கவில்லை.

போனில் வளர்மதி ஒன்றுதான் சொன்னது. "அம்மா, நீ இருந்திருந்தா என் காலு வீங்குனதப் பாத்தே சொல்லியிருப்ப."

குற்றம் சொல்லிச் சொன்னதில்லை. ஆனால் அன்றிலிருந்து அக்காவால் ஓர் இடத்தில் உட்காரமுடியவில்லை. சோறு உண்ண உட்கார்ந்தால் பாதியில் எழுந்து கொல்லைக்குப் போவார். கோயிலில் தீபாராதனை நடக்கும்போதே பிராகாரத்தை இன்னொரு சுற்றுச் சுற்றுவார். "உக்காருக்கா" என்றால், "உக்காந்தா நாளு ஓடுதுடி" என்பார்.

போன வருஷம் ஆடி முடிந்து வளர்மதி மறுபடி முழுகாமல் இருப்பதாகச் செய்தி வந்தது. அன்றைக்கு அக்கா சிரித்தாரா அழுதாரா என்று எனக்குத் தெரியவில்லை. மறுநாள் காலை முதல் பஸ்ஸில் பெரம்பலூர் போய்விட்டார்.

பெரம்பலூரில் கலைவாணன் என்கிற தம்பி ஒரு பிரவுசிங் சென்டர் வைத்திருக்கிறது. டிக்கெட், விண்ணப்பம் எல்லாம் அங்கேதான். அந்தக் கடைக்கு அக்கா எத்தனை தடவை நடந்தார் என்று சொல்லிமாளாது. பாஸ்போர்ட் காலாவதி ஆகிற தேதிக்கு அங்கே போய் இறங்குகிற தேதியிலிருந்து ஆறு மாதமாவது மிச்சம் இருக்கவேண்டும். இருக்கிறதா? திரும்பி வருகிற டிக்கெட்டும் கையில் இருக்கவேண்டும். இறங்குவதற்கு மூன்று நாளுக்குள் வருகை அட்டையைக் கம்ப்யூட்டரில் பதியவேண்டும், அதற்கு முன்னால் பதிந்தால் ஏற்காது. இதெல்லாம் அக்காவுக்குத் தலைகீழாகப் பாடம்.

"எம்பசி அம்மா வந்துட்டாங்க, சேர் போடுங்கப்பா" என்று கலைவாணன் கிண்டல் பண்ணும்.

"கிண்டல் இருக்கட்டும் தம்பி. முப்பது நாளு முடியறதுக்குள்ள கூடுதல் நாளு கேட்டா குடுப்பாங்களா?"

"கேக்கலாம்மா. உங்க மாப்ள இப்ப அங்க நிரந்தரமாத் தங்குறதுக்கு அனுமதி வாங்கிட்டாரு, அவரு பேருல கேக்கலாம். குடுக்கறதும் குடுக்காததும் அவங்க இஷ்டம்."

"அப்ப குடுக்கலன்னு வச்சுக்கிட்டே நாளு பாரு."

"எத்தன தடவம்மா பாக்கறது?"

"வெங்காயம் புடுங்க ஆளு சொல்றதுக்கே நான் பத்துத் தடவ நாளு பாப்பேன். இது என் பொண்ணு உசுரு."

பார்த்துப் பார்த்துக் கடைசியில் ஒரு நாள் முடிவானது. பிள்ளை பங்குனி நடுவில் என்று டாக்டர் சொன்னார். அதற்கு மூன்று வாரம் முன்னால் போய் இறங்குவது. முந்திப் பிறந்தாலும் இருக்கலாம், பிந்திப் பிறந்தாலும் ஒன்பது நாள் கையில் நிற்கும். மாசி மாதத்துத் திங்கட்கிழமை ஒன்றில், சாயங்கால விமானம்.

டிக்கெட் போட்டு வந்த பிறகுதான் மாமா காலண்டரைப் பார்த்தார். "திங்கக்கெழம கெழக்க சூலமாச்சே" என்றார். சிங்கப்பூர் எங்களுக்குக் கிழக்குத்தான். அக்கா தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டார். சட்டம் எல்லாம் பார்த்தவர் சூலம் பார்க்கவில்லை.

இதற்கு எங்கள் பக்கத்தில் வழி உண்டு. நல்ல நாளில், போகிற திசையில் இருக்கிற ஒரு வீட்டில் பயண மூட்டையைக் கொண்டுபோய் வைத்துவிடுவது. பரஸ்தானம் வைப்பது என்போம். மூட்டை கிளம்பிவிட்டால் ஆளே கிளம்பியதாகக் கணக்கு. அப்புறம் அது சொந்த வீட்டுக்குத் திரும்ப வரக்கூடாது. போகிற அன்றைக்கு அங்கேயே வாங்கிக்கொண்டு போகவேண்டும். என் வீடு கிழக்குத் தெருவில், கடைசி வீடு. வெள்ளிக்கிழமை காலை நல்ல நேரத்தில் அக்கா மஞ்சள் துணியில் ஒரு சேலையும் மஞ்சளும் கொஞ்சம் பச்சரிசியும் முடிந்துகொண்டு வந்தார். பாஸ்போர்ட் தனியாகக் கையில் இருந்தது.

"இதையும் வைக்கலாமா அனுசுயா? அத விட்டு அசையக்கூடாதுன்னு கலைவாணன் தம்பி சொல்லியிருக்கு."

புத்தி சொன்னது நான்தான். "வெறும் சேலைய வச்சா சேலைதான் சிங்கப்பூரு போவும்க்கா. நீ போவணும்னா அது உள்ள இருக்கணும்."

அக்கா சிரித்தார். மூட்டையை அவிழ்த்து, பாஸ்போர்ட்டைச் சேலை மடிப்புக்குள் வைத்து முடிந்து, என் சாமி மாடத்தில் வைத்துவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் போனார்.

அதோடு நான் நின்றிருக்கவேண்டும்.

மறுநாள் சனிக்கிழமை நாங்கள் சமயபுரம் மாரியம்மன் கோயிலுக்கு நடை. மாசிக் கடைசி ஞாயிறு பூச்சொரிதல். தன் பிள்ளைகளுக்காக ஆத்தாளே பச்சைப் பட்டினி இருக்கத் தொடங்குகிற நாள். விடிவதற்கு முன் குளித்து மஞ்சள் சேலை கட்டி மாடத்தில் விளக்கேற்றினேன். அந்த மூட்டை கண்ணில் பட்டது. இதை ஆத்தாள் காலடியில் வைத்து எடுத்து வந்தால் என்ன? ஞாயிறு ராத்திரி பஸ்ஸில் திரும்பிவிடுவேன். திங்கட்கிழமை குங்குமத்தோடு அக்கா கையில் கொடுத்தால் எவ்வளவு சந்தோஷப்படுவார்! யாரிடமும் சொல்லாமல் மூட்டையை என் பையில் வைத்துக்கொண்டேன். விரத நடையில் போன் எதற்கு என்று அதை வீட்டில் வைத்துப் பூட்டினேன். என் வீட்டுக்காரர் திருப்பூரில் வேலை பார்க்கிறார். வீட்டில் வேறு ஆள் கிடையாது.

ஞாயிற்றுக்கிழமை காலை ஆறரை மணிக்கு மாப்பிள்ளை அக்காவுக்குப் போன் பண்ணியிருக்கிறார். வளர்மதிக்குப் பிரஷர் ஏறிவிட்டது, ஆஸ்பத்திரியில் சேர்த்தாயிற்று, திங்கட்கிழமை காலையே மருந்து வைத்து வலி வரவழைக்கப் போகிறார்கள். டிக்கெட்டை இன்றைய தேதிக்கு மாற்றிவிட்டேன், மத்தியானம் ஒன்றரை மணி விமானம், வருகை அட்டையிலும் தேதி மாற்றிவிட்டேன், திருச்சிக்குக் கிளம்பி வாருங்கள் அத்தை என்று.

அக்கா பெட்டியைத் தூக்கிக்கொண்டு நேராக என் வீட்டுக்கு ஓடி வந்திருக்கிறார். கதவில் பூட்டு. உள்ளே என் போன் அடிக்கிறது. மாமா கடப்பாரை கொண்டுவந்து பூட்டைப் பெயர்த்தார். சாமி மாடத்தில் விளக்குத்தான் இருந்தது.

அந்த நேரத்தில் அக்கா கத்தவில்லையாம். மாமா சொன்னார். வீட்டுக்குள் மூன்று சுற்று நடந்தாராம். அரிசிப் பானைக்குள் கைவிட்டுப் பார்த்தாராம். அப்புறம், "இவ எங்கயும் தூக்கிப் போட்டிருக்க மாட்டா. சாமிகிட்ட கொண்டு போயிருக்கா" என்றாராம். என்னை அவ்வளவு தெரியும் அவருக்கு.

எங்கள் கூட்டத்தில் வந்த பூவிழி என்கிற பெண்ணிடம் போன் உண்டு. அதற்குப் பேசினார்கள்.

"ஆமாக்கா, ஒரு மஞ்ச மூட்டைய நெஞ்சோட அணைச்சுக்கிட்டு வந்தாங்க. ஆனா இப்ப எங்ககூட இல்லையே. கால்ல கொப்புளம் வந்து பின்தங்கிட்டாங்க. சிறுவாச்சூரு தாண்டி, பாடாலூருக்கு இந்தாண்ட எங்கயாச்சும் இருப்பாங்க."

வாடகைக் கார் ஒன்றைப் பிடித்துக் கிளம்பினார்கள். சிறுவாச்சூர் தாண்டியதும் காரை ஓரமாக, ஆள் நடக்கிற வேகத்துக்கு உருட்டச் சொன்னார் அக்கா. திருச்சி ரோட்டில் அன்றைக்குக் கண்ணுக்கு எட்டிய தூரம் சனம். தலையில் பூத்தட்டு, இடுப்பில் பிள்ளை, எல்லாரும் மஞ்சள்.

"அந்தா, மஞ்ச சேலை!" என்று மாமா கையை நீட்டினாராம்.

"எல்லாமே மஞ்ச சேலைதான். சேலையப் பாக்காதீங்க, மூஞ்சியப் பாருங்க."

"மூஞ்சி தெரியலயே, எல்லாரும் அந்தப் பக்கம் பாத்துல்ல நடக்கறாங்க."

"அப்ப எறங்கி முன்னாடி ஓடித் திரும்பிப் பாருங்க!"

மாமா அப்படியே செய்தாராம். அறுபது வயசு மனுஷர், ரோட்டில் முன்னால் ஓடுவதும் திரும்பி நின்று பெண்கள் முகத்தைப் பார்ப்பதுமாக. ஒரு பாட்டி, "ஏன்யா, வெரதக்காரங்கள மொறச்சுப் பாக்கற?" என்று பூத்தட்டைக் கீழே வைத்துவிட்டுச் சண்டைக்கு வந்துவிட்டாராம். கார் டிரைவர் மணியைச் சொல்லிக்கொண்டே வந்திருக்கிறார். எட்டரை. ஒன்பதே கால். பன்னிரண்டரைக்கு விமானக் கவுண்ட்டரை மூடிவிடுவார்கள்.

நான் எங்கே இருந்தேன்? பாடாலூருக்கு முன்னால் ஓர் அன்னதானப் பந்தலுக்குப் பின்புறம், வேப்பமர நிழலில் சாக்கை விரித்துத் தூங்கிக்கொண்டிருந்தேன். மூட்டை தலைக்கு அடியில். ஒரு மகள் ஆஸ்பத்திரியில் கிடக்க, ஒரு தாய் ரோட்டில் தவிக்க, நான் தூங்கினேன்.

மைக் சத்தத்தில்தான் விழித்தேன்.

"சிங்கப்பூர் பாஸ்போர்ட்டோட சமயபுரம் நடந்து போற அனுசுயா அக்கா! எங்க இருந்தாலும் ஒடனே பந்தலுக்கு வாங்க! உங்களத் தேடி உங்க ஊருக்காரங்க வந்திருக்காங்க!"

சனம் சிரித்தது. "பாஸ்போர்ட்டு வச்சிருக்கறவ ஏண்டி நடக்கறா?" என்று ஒருத்தி கேட்டதும் காதில் விழுந்தது. எனக்கு ஒன்றும் புரியவில்லை. என் பெயரை மைக்கில் சொன்னதும் என் வீட்டுக்காரருக்குத்தான் ஏதோ ஆகிவிட்டது என்று கொப்புளக் காலோடு ஓடினேன். பந்தலில் சாம்பார் வாளிக்குப் பக்கத்தில் அக்கா நின்றிருந்தார். என்னைப் பார்க்கவில்லை, என் கையைத்தான் பார்த்தார்.

மூட்டையை வாங்கி அங்கேயே பிரித்தார். பச்சரிசி தரையில் சிதறியது. பாஸ்போர்ட்டைத் திறந்து தன் படத்தைப் பார்த்தார். பக்கம் நனையவில்லையா, கிழியவில்லையா என்று ஒவ்வொன்றாகத் தடவினார். "மணி என்ன?" என்றார்.

"பத்தே கால்" என்றார் டிரைவர்.

அப்போதுதான் மாமா மகளுக்கு ஆனதை எனக்குச் சொன்னார். நான் அந்த இடத்திலேயே அக்கா காலில் விழுந்துவிட்டேன். பக்கத்தில் இருந்தவர்கள் யாருக்கோ அருள் வந்துவிட்டது என்று குலவை போட்டார்கள். மாமாதான் என்னைத் தூக்கி நிறுத்தினார். அக்கா அதற்குள் காரில் ஏறியிருந்தார்.

பிறகு நடந்ததெல்லாம் போனில் அக்கா சொல்லக் கேட்டது. சமயபுரம் கைகாட்டியில் கூட்டம் மறித்து, திருச்சி ஏர்போர்ட் போய்ச் சேரும்போது பன்னிரண்டு அடிக்க ஐந்து நிமிஷமாம். சிங்கப்பூரில் இறங்கியதும் விரல் ரேகை வைக்கச் சொன்னார்கள். வெங்காயம் கிள்ளிக் கிள்ளித் தேய்ந்த விரலை மெஷின் மூன்று தடவை ஏற்கவில்லை. பின்னால் வரிசை நிற்கிறது. அதிகாரியம்மா ஈரத் துணி கொடுத்துத் துடைக்கச் சொன்னாராம். நாலாவது தடவை ஏற்றுக்கொண்டது. முப்பது நாள் கொடுத்தார்கள்.

ராத்திரி ஆஸ்பத்திரிக்குப் போய் வளர்மதியின் காலைத்தான் முதலில் தொட்டுப் பார்த்தாராம். வீக்கம் இருந்தது. நர்சிடம் ஜாடையில் காட்டிக்கொண்டே இருந்தாராம், அவர்கள் "தெரியும், தெரியும்" என்று தலையாட்டும்வரை. திங்கட்கிழமை மத்தியானம் பெண் பிள்ளை. எடை கொஞ்சம் குறைச்சல். ஆனால் அழுதது. அழுத சத்தத்தைப் போனில் எனக்கும் கேட்கவைத்தார். நான் சமயபுரத்திலிருந்து திரும்பி, பெயர்த்த பூட்டைப் பார்த்தபடி என் வாசற்படியில் உட்கார்ந்து அதைக் கேட்டேன்.

இருபதாம் நாள் கூடுதல் நாள் கேட்டு மாப்பிள்ளை விண்ணப்பம் போட்டார். பதில் வருகிறவரை அக்கா பெட்டியைக் கட்டி வாசலில் வைத்தே இருந்தாராம். கொடுத்துவிட்டார்கள். இன்றோடு அவர் போய் நாற்பத்தாறு நாள். அக்கம்பக்கத்தில் யாராவது மகளைப் பார்க்க வெளிநாடு போவதென்றால் இப்போதும் அவருக்குத்தான் போன் போடுகிறார்கள். இறங்குகிற இடத்தில் கொடுக்கிற நாள்தான் நாள், அதை முதலில் படித்துப் பாருங்கள் என்று அங்கிருந்தே சொல்கிறார். என்னிடம் பேசும்போது மட்டும் அந்த ஞாயிற்றுக்கிழமையைப் பற்றி ஒரு வார்த்தை எடுப்பதில்லை. எடுத்துத் திட்டினால்கூட எனக்கு ஆறுதலாக இருக்கும்.

அவரை நான் கடைசியாகப் பார்த்தது அந்தப் பந்தல் வாசலில்தான். கார் நகரத் தொடங்கிவிட்டது. நான் கண்ணாடியைப் பிடித்துக்கொண்டு, "மன்னிச்சிடுக்கா, மன்னிச்சிடுக்கா" என்று கூடவே நொண்டி ஓடினேன். அவர் என் கையை எடுத்துவிட்டார். பிறகு தலையை வெளியே நீட்டிச் சொன்னார்:

"அழுதுக்கிட்டு நிக்காத, நீ நட. சாயங்காலத்துக்குள்ள போயிச் சேரு. நான் எறங்குற வரைக்கும் அந்தப் புள்ள வெளிய வரக்கூடாதுன்னு ஆத்தாகிட்ட சொல்லு. கெஞ்சிக் கேக்காத. சண்ட போட்டுக் கேளு."